நின்ற பிள்ளையை உட்கார வைத்தேன்

என் மகன் பிறந்தது ஏழாம் மாதமா எட்டாம் மாதமா என்று எங்கள் குடும்பத்தில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. டாக்டர் சொன்னது முப்பதாவது வாரம். வாரக் கணக்கு எங்கள் ஆட்களிடம் செல்லாது. ஏழில் பிறந்தால் தங்கும், எட்டில் பிறந்தால் தங்காது என்று எந்தக் காலத்திலோ யாரோ சொல்லிவைத்ததை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறவர்கள். ஆபரேஷன் முடிந்து நான் கண் விழித்தபோது என் கணவரின் அக்கா சுப்புலட்சுமி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் அவரை சுப்பு மதினி என்று கூப்பிடுவேன்.

"ஏழுதான். எட்டுன்னு யாரும் சொன்னா நம்பாதீக."

பிள்ளைக்கு மூச்சு இருக்கிறதா என்று கேட்க வாயைத் திறந்தேன். தொண்டை காய்ந்து சத்தம் வரவில்லை. மதினி போனைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் குனிந்து, "ஏட்டி ஈஸ்வரி, யார் கேட்டாலும் ஏழுன்னு சொல்லு, என்ன" என்றார். பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்பதை அதற்குப் பிறகு வந்த நர்ஸ்தான் சொன்னார். இவர்கள் பேச்சைக் கேட்டு அன்று தொடங்கிய குமட்டல் ரொம்ப நாள் என்னை விடவில்லை.

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி சுற்றி பாக்கெட் போடும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். என்னோடு வேலை செய்யும் ஒரு பெண்ணுக்குப் போன மாதம் இதே மாதிரி அவசரப் பிரசவம். "அக்கா, என்னக்கா செய்யணும்?" என்று போனில் அழுதாள். மருத்துவ விஷயத்தை டாக்டர்கள் சொல்லிவிடுவார்கள். மீதி விஷயத்தை யாரும் சொல்வதில்லை. அதற்குத்தான் இதை எழுதுகிறேன். இனிப்பாக எழுத எனக்கு வராது.

நடந்தது இதுதான். கால் வீங்கியது. கர்ப்பத்தில் வீங்கத்தான் செய்யும் என்று வீட்டில் சொன்னார்கள். தலைவலி வந்தது. அதற்கும் அதையே சொன்னார்கள். ஒருநாள் கம்பெனியில் கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி இருந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ரத்த அழுத்தம் ஏறி, பிள்ளைக்குப் போக வேண்டிய ரத்தம் குறைந்துபோயிருந்தது. இனியும் உள்ளே வைத்திருந்தால் இரண்டு பேருக்குமே ஆபத்து என்று வெளியே எடுத்துவிட்டார்கள். ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தைவிடச் சற்று கூடுதலான எடை. தோலுக்கு அடியில் கொழுப்பே சேராததால் சூட்டைத் தக்கவைக்கத் தெரியாது. அதனால் மேலே இருந்து சூடு தரும் வார்மர் என்ற திறந்த தொட்டிலில் போட்டார்கள். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் சேர்த்துச் செய்யத் தெரியாததால் வாய் வழியாக வயிறு வரைக்கும் ஒரு மெல்லிய குழாய். நடுநடுவே மூச்சுவிட மறந்துபோவான். மெஷின் கத்தும். நர்ஸ் வந்து உள்ளங்காலைச் சுண்டுவார். ஞாபகம் வந்தவனைப் போல மறுபடி மூச்சு விடுவான்.

ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அது ஒன்றுதான் அப்படி என்று நினைத்துக்கொள்வீர்கள். உள்ளே பிள்ளைகள் இருக்கிற அறை கண்ணாடி மாதிரி சுத்தம். வெளியே தாய்மார்கள் இருக்கிற கூடத்துக்குப் பக்கத்தில் கழிப்பறை. கைலியைத் தூக்கிக்கொண்டு போகிற ஆம்பளைகளும் அதே வழிதான். தண்ணீர் வராத நாளில் தையல் வயிற்றோடு அந்த வாசலில் நின்றிருக்கிறேன். எழுதும்போதே மூக்கு சுளிக்கிறது. பையன் என்று சொல்வதற்கே கையை நீட்டிய ஆயாவையும் பார்த்தேன். பில்லைப் பற்றி எழுத ஆரம்பித்தால் முழுக்க பில்லாகத்தான் போகும். கழுத்தில் கிடந்தது போயிற்று, அவ்வளவுதான்.

கூடத்தின் மூலையில் ஒரு திரை. அதற்குப் பின்னால் உட்கார்ந்து பால் பீய்ச்சி, சின்னக் கிண்ணத்தில் நர்ஸிடம் கொடுக்க வேண்டும். பார்க்க வந்த உறவுக்காரப் பெண்கள் திரையை விலக்கி எட்டிப் பார்த்து "பால் இருக்கா?" என்று கேட்டார்கள். மாட்டைப் பார்க்கிற பார்வை. கொண்டுவந்த ஆப்பிளை என் மடியில் போட்டுவிட்டு, கண்ணாடி வழியாகப் பிள்ளையைப் படம் எடுத்தார்கள். "எலிக்குஞ்சு மாதிரில இருக்கு" என்று ஒருத்தி சொன்னாள். அவள் இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். காபி போட்டுத்தான் கொடுக்கிறேன்.

நல்லதும் இரண்டு நடந்தது, சொல்லாமல் விட முடியாது. கூமாப்பட்டியில் இருந்து என் அப்பா வருவார். அவருடைய பழைய வேட்டிகளை வெந்நீரில் போட்டு எடுத்து, வெயிலில் காயவைத்து, கைக்குட்டை அளவுக்குக் கிழித்து, தேய்த்து மடித்துக் கொண்டுவருவார். அந்தத் துணிதான் பிள்ளையின் தோலை உறுத்தாமல் இருந்தது. ஒரு கேள்வி கேட்கமாட்டார். பையை நீட்டிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விடுவார்.

இரண்டாவது, என் கணவர் முத்துராஜ். நூல் மில்லில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர். பிள்ளைக்கு எடை ஏற ஆரம்பித்ததும் கங்காரு முறை என்று ஒன்று சொன்னார்கள். துணி ஏதும் இல்லாமல் பிள்ளையை நெஞ்சோடு நெஞ்சாகக் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் சாய்ந்திருக்க வேண்டும். உடம்புச் சூடும் இதயத் துடிப்பும் பிள்ளையின் மூச்சைச் சீராக்கும். என் தையலில் சீழ் வைத்துக் காய்ச்சல் வந்ததால் என்னால் முடியவில்லை. நர்ஸ் அவரைக் கூப்பிட்டார். நகத்திலிருந்த மில் எண்ணெய்க் கறையைச் சோப்புப் போட்டுப் போட்டுத் தேய்த்துவிட்டு வந்து, சட்டையைக் கழற்றி, தாய்மார்களுக்கு நடுவில் கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஆம்பள செய்யிற வேலையாடா இது?" என்று மதினி வாசலிலேயே கேட்டார்.

"செத்த நேரம் சும்மா இரு அக்கா. நெஞ்சு துடிக்கிறது அவனுக்குக் கேக்கணும்" என்றார் அவர். அந்த மனிதர்தான் பின்னால் என்னைப் படாத பாடு படுத்தினார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் வரிசையாகச் சொன்னார். கண்ணுக்குள் ரத்தக் குழாய் ஒழுங்காக வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். காது பார்க்க வேண்டும். வயதை, பிறந்த தேதியில் இருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய தேதியில் இருந்து எண்ண வேண்டும். அதற்குத் திருத்திய வயது என்று பெயர். என் மகன் கவினுக்கு ஐந்து மாதம் என்றால் உண்மையில் மூன்றுகூட நிறையவில்லை. இதை நான் வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். "இன்னும் குப்புற விழலையா? எங்க பேத்தி இந்த மாசத்துல தவழ்ந்துட்டா" என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பார்கள்.

அப்போதுதான் அது நடந்தது. மதினி ஒரு சாயங்காலம் கவினை அக்குளில் பிடித்துத் தூக்கி, கால் தரையில் படுகிற மாதிரி இறக்கினார். அவன் இரண்டு காலையும் கம்பு மாதிரி நீட்டி நின்றான்.

"ஏலே முத்து, வந்து பாருலே. உன் மவன் நிக்கான்."

அவர் ஓடிவந்தார். போனை எடுத்தார். வீடியோ குடும்பக் குரூப்புக்குப் போயிற்று. எலிக்குஞ்சு என்று சொன்னவளே கைதட்டுகிற பொம்மை அனுப்பியிருந்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது ஒரு வேடிக்கை. வருகிறவர்கள் எல்லாம் பிள்ளையை வாங்கித் தரையில் நிறுத்திப் பார்ப்பார்கள். "கெட்டிப் பிள்ள" என்பார்கள். எங்கள் ஊரில் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது. ஆஸ்பத்திரி வாசலில் எல்லோருடைய இரக்கத்தையும் வாங்கிக் கட்டிக்கொண்ட மனிதருக்கு அந்த ஒரு சொல் தேனாக இருந்தது. அது எனக்குப் புரிந்தது.

ஆனால் தினமும் துணி மாற்றுகிறவள் நான். தொடை இரண்டும் ஒட்டிக்கொண்டு விரியாது. கட்டைவிரலை உள்ளே வைத்துக் கை மூடியே இருக்கும். தூக்கினால் தலையைப் பின்னால் வளைத்து வில்லாவான். நின்றபோது குனிந்து பார்த்தேன். விரல் நுனிதான் தரையில் இருந்தது. குதிகால் தொடவே இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இப்படிப் பிறந்த பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் இடம் ஒன்று இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். பஸ் ஏறிப் போனேன். அங்கே இருந்த பயிற்சியாளர் கலைவாணி மேடம் சிரித்துப் பேசுகிற ஆள் இல்லை. பாயில் படுக்க வைத்து, காலை மெதுவாக மடக்கிப் பார்த்து, கணுக்காலை அசைத்துப் பார்த்து, "வீட்ல நிக்க வைக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"அவனா நிக்கான் மேடம்."

"அவன் நிக்கல. விறைக்கிறான். தரை பட்டதும் கால் விறைச்சிக்கிது, அவ்வளவுதான். அதை நீங்க நிக்கிறதுன்னு நினைக்கிறீங்க."

பிறகு பொறுமையாகத்தான் சொன்னார். மூளை தசைக்கு இறுக்கு, தளர்த்து என்று இரண்டு கட்டளையும் அனுப்ப வேண்டும். முன்கூட்டியே பிறந்த பிள்ளைகள் சிலருக்கு, தளர்த்து என்பது சரியாகப் போய்ச் சேராது. நிறையப் பேருக்கு ஒரு வயது, ஒன்றரை வயதுக்குள் சரியாகிவிடும். சிலருக்கு அப்படியே தங்கிவிடும், அதை இப்போதே சொல்ல முடியாது. ஆனால் மூளை பழகுகிற காலம் இதுதான். விறைத்து நிற்க வைத்துக்கொண்டே இருந்தால் அது விறைப்பையே பழகிக்கொள்ளும்.

"சரியாயிருமா மேடம்?"

"தெரியாது. ஆனா நிக்க வைக்காதீங்க. வாக்கர்ல போடாதீங்க. இதை மட்டும் தெரியும்னு சொல்றேன்."

அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. வழியெல்லாம் அழுதுகொண்டுதான் வந்தேன்.

செய்யச் சொன்னது ஒன்றும் மந்திரம் இல்லை. மடியில் உட்கார வைத்து இடுப்பையும் முழங்காலையும் மடக்கி வைத்துக்கொள்வது. ஒருக்களித்துப் படுக்க வைத்து இரண்டு கையையும் நடுவில் சேர்ப்பது. விழித்திருக்கும்போது குப்புறப் போட்டு முகத்துக்கு முன்னால் நாமும் படுத்துக்கொண்டு பேசுவது. துணி மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் காலைச் சைக்கிள் மிதிக்கிற மாதிரி மெதுவாக மடக்கி நீட்டுவது. எல்லாம் விளையாட்டு போலத்தான். ஆனால் தினமும், விடாமல், வீட்டில் இருக்கிற எல்லோரும் செய்ய வேண்டும். எல்லோரும் என்ற இடத்தில்தான் இடித்தது.

மதினி மறுநாளே ஒரு வாக்கர் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். நீல நிறம், பாட்டுப் பாடும்.

"நிக்கிற பிள்ளைய எவளோ சொன்னான்னு படுக்கப் போடுதியே, உனக்கு மனசு இருக்காட்டி?"

"மதினி, அது நிக்கிறது இல்ல. விறைப்பு."

"வாயக் கழுவு. எம்புட்டுப் பேரு கெட்டிப் பிள்ளன்னு சொல்றாவ, பெத்தவ நீ விறைப்புங்குதியே. விறைக்கிறது எதுன்னு தெரியுமா உனக்கு?"

தெரியும். எங்கள் பேச்சில் அந்தச் சொல் பிணத்துக்கும் ஆகும். அந்த ஒரு சொல்லைச் சொன்னதற்காக வீட்டில் நான் பிள்ளைக்குச் சாபம் கொடுத்தவள் ஆகிப்போனேன். மேடத்திடம் வேறு சொல் கேட்டிருக்கலாம். தசை இறுக்கம் என்று சொல்லியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பார்களோ என்னவோ. பிள்ளையின் கால் என்ன ஆகிறது என்பதைவிடச் சொல் என்ன என்பது முக்கியமான குடும்பம் எங்களுடையது. வாக்கரைப் பரண் மேல் தூக்கிப் போட்டேன். அதற்கு ஒரு வாரம் மதினி பேசவில்லை. அந்த வாரம் நிம்மதியாக இருந்தது.

என் கணவர் என்னை எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. அதனால் என் பக்கம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தால், மில்லில் கூட வேலை பார்க்கிற இரண்டு பேருக்கு முன்னால் கவினைத் தரையில் நிறுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவர்கள் சிரிக்கிறார்கள். பிள்ளை விரல் நுனியில், கழுத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறான். வந்தவர்கள் போகும்வரை காத்திருந்தேன்.

"தினமும் செய்யிறீங்களா?"

அவர் குனிந்து பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டார்.

"நான் குளிக்கப் போனா, கம்பெனிக்குப் போனா, நீங்க இதத்தான் செய்யிறீங்களா?"

"ஈஸ்வரி, அவன் நின்னாத்தான் எனக்கு மூச்சு வருது" என்று அழுதார். "அந்த மெஷின் கத்துமே, அது இப்பவும் காதுல கத்துது. அவன் நிக்கிறத பாத்தா அந்தச் சத்தம் நின்னுருது."

அழுகிற மனிதரிடம் இரக்கப்பட வேண்டும்தான். நான் படவில்லை. "உங்க மூச்சுக்குப் பிள்ளையோட காலக் கெடுப்பீங்களா? உங்களப் பாத்தாலே அருவருப்பா இருக்கு" என்றேன். சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் எண்ணம் இன்றும் இல்லை. அதற்குப் பிறகு பல வாரம் நாங்கள் சாப்பாடு, சாவி, பால் என்ற அளவில்தான் பேசிக்கொண்டோம். கம்பெனிக்கு லீவு போட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தனியாகப் போய்வந்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்கள் கவினை வாங்கி மடியில் நிறுத்தப் பார்ப்பார்கள். "நிறுத்தாதீங்க" என்று சொன்னால் என்னைத் திமிர்பிடித்தவள் என்பது போலப் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். பயிற்சி மையத்தில் மற்றத் தாய்மார்களும் அப்படித்தான் இருந்தார்கள், எல்லோருக்கும் முகம் கடுகடுவென்று. அங்கே மட்டும்தான் எனக்கு ஆறுதலாக இருந்தது.

கவினுக்குப் பதினோராம் மாதம் மொட்டை போட்டுக் காது குத்தினோம். கான்சாபுரத்துப் பக்கம் குலதெய்வம் கோயில். பந்தல், சமையல், சொந்தம் முழுக்க வந்திருந்தது. காது குத்தி அழுது ஓய்ந்து, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு என் மடியில் இருந்தவனை மதினி வாங்கினார். தடுக்க வாயெடுப்பதற்குள் பந்தலின் நடுவுக்குக் கொண்டுபோய்விட்டார்.

"எல்லாரும் இங்க பாருங்க. ஏழு மாசத்துப் பிள்ள, அஞ்சு மாசத்துலயே நின்னவன்."

இரண்டு கையிலும் பிடித்து இறக்கினார். கவினின் கால் தரையைத் தொட்டது. முழங்கால் மடங்கியது. அப்படியே சரிந்து மதினியின் கையில் தொங்கினான். மறுபடி தூக்கி இறக்கினார். மறுபடியும் மடங்கியது.

போனை நீட்டிப் பிடித்திருந்தவர்கள் கையை இறக்கினார்கள்.

"ஐயோ, கால் போச்சே" என்றார் மதினி. "நின்னுக்கிட்டிருந்த பிள்ளைய முடக்கிட்டியேட்டி. மடக்கி மடக்கியே முடக்கிட்டியேட்டி பாவி."

நான் அவனை வாங்கினேன். ஜமுக்காளத்தில் உட்கார வைத்தேன். கால் இரண்டையும் முன்னால் அகட்டிப் போட்டு, ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டான். ஒரு பக்கமாக ஆடினான். விழப்போகிறான் என்று நினைத்தேன், விழவில்லை. அடுத்த கையால் யார் மாலையில் இருந்தோ உதிர்ந்த ஒரு பூவை எடுத்தான். கட்டைவிரல் வெளியே இருந்தது. விரித்த கை. பூவை வாயில் வைத்துக்கொண்டான்.

விறைப்பு விட்டு அவன் உடம்பு தளர்ந்திருக்கிறது என்பது அத்தனை பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களைப் பொறுத்தவரை நின்ற பிள்ளை உட்கார்ந்துவிட்டது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து என் தோளைத் தடவி, துக்க வீட்டில் சொல்கிற மாதிரி மனசைத் தேற்றிக்கொள்ளச் சொன்னார்கள். எலிக்குஞ்சுக்காரி கண்ணைத் துடைத்தாள். எனக்குச் சிரிப்பு பொங்கியது. பந்தியில் உட்கார்ந்து இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அதற்கும் ஏதோ சொன்னார்கள்.

மற்றவர்கள் அடுத்த பந்திக்குப் போன பிறகு என் கணவர் வந்து ஜமுக்காளத்தில் என் எதிரே உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. கவினின் காலைத் தொடப் பயந்து பக்கத்தில் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"தொடுங்க" என்றேன்.

உள்ளங்கையை விரித்து மகனின் பாதத்துக்கு அடியில் கொடுத்தார். பாதம் முழுவதும் அவர் கையில் படிந்தது. விரலும் குதிகாலும் சேர்ந்து. ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"அப்ப அம்புட்டு நாளும் அவன் நிக்கலையா?"

"நிக்கல."

"இனிமே நிப்பானா?"

அவரிடம் ஆம் என்று சொல்லியிருக்கலாம். சொந்தம் முழுக்க அதைத்தான் இத்தனை நாளாகச் செய்துகொண்டிருந்தது.

"தெரியாது" என்றேன். "இப்ப உக்காந்துருக்கான்."

அவர் தலையை ஆட்டினார். தூரத்தில் மதினி இன்னும் யாரிடமோ என்னைப் பற்றி அழுதுகொண்டிருந்தார். என் கணவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கவின் ஒரு பக்கமாகச் சாயச் சாய, தூக்கி நிறுத்தாமல், பின்னால் கையை மட்டும் வைத்துக் காத்திருந்தார்.